'உன் பெயர் தெரியவில்லை' என்கிறது எதிர் சர்வர்: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

மெயில் சர்வர் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்த தைரியத்தில் இதை எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் சிறிய அலுவலகத்தில் சர்வர் பொறுப்பு என் தலையில் விழுந்து எட்டு மாதம் ஆகிறது. முன்பு பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார். டெபியன் லினக்ஸில், மெயிலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸும், பெட்டியில் வந்ததைப் பயனர்களுக்குக் காட்டும் டவ்காட்டும் ஓடுகின்றன. போன மாதம் சர்வரை வேறொரு கிளவுடுக்கு மாற்றினோம். அன்றிலிருந்து தலைவலிதான்.

அலுவலகத்துக்குள் அனுப்பும் மெயில் உடனே போகிறது. வெளியே அனுப்புவதில் சில உடனே போகின்றன, சில பத்து நிமிஷமோ அரை மணி நேரமோ கழித்துப் போகின்றன, சில போவதே இல்லை. ஐந்து நாள் கழித்து அனுப்பியவருக்கே திரும்பி வருகின்றன. போய்ச் சேர்ந்தவற்றிலும் பாதி ஸ்பேமில் கிடக்கின்றன. சர்வரின் பதிவேடான லாகில் ஹோஸ்ட்நேம் கிடைக்கவில்லை என்று வருவதால், சர்வரின் பெயரை எழுதி வைக்கும் மைஹோஸ்ட்நேம் செட்டிங்கை ஏழு விதமாக மாற்றிப் பார்த்தேன். டிக் கமாண்டில் எங்கள் சர்வர் பெயரைக் கொடுத்தால் ஐபி சரியாகத்தான் வருகிறது. வீட்டிலிருந்து மெயில் அனுப்புகிறவர்களுக்கு 'ரீலே ஆக்சஸ் டினைடு' (உன் மெயிலை வெளியே கடத்திவிட அனுமதி இல்லை) என்று வந்தது. இணையத்தில் யாரோ சொன்னபடி மைநெட்வொர்க்ஸில் 0.0.0.0/0 சேர்த்தேன். அது மட்டும் சரியாகிவிட்டது. மற்றதற்கு எங்கே கை வைப்பது? எல்லாவற்றையும் அழித்துவிட்டு போஸ்ட்ஃபிக்ஸை மறுபடி நிறுவிவிடலாமா?

லாகிலிருந்து ஒரு வரி: டிலே=18314, டிலேஸ்=18312/0.02/1.1/0.38, டிஎஸ்என்=4.7.25, ஸ்டேட்டஸ்=டெஃபர்டு, 450 4.7.25 கிளையண்ட் ஹோஸ்ட் ரிஜெக்டட்: கேனாட் ஃபைண்ட் யுவர் ஹோஸ்ட்நேம், இன் ரிப்ளை டு ஆர்சிபிடி டு கமாண்ட்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இத்தனை கோளாறுகள் இருக்க, 'சரியாகிவிட்டது' என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதனால் கடிதம் வந்த அன்றே அதை மட்டும் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

மைநெட்வொர்க்ஸ் என்பது, பாஸ்வேர்டு கேட்காமலேயே யார் யாருடைய மெயிலை வெளியே எடுத்துக்கொண்டு போகலாம் என்று போஸ்ட்ஃபிக்ஸிடம் சொல்லும் பட்டியல். 0.0.0.0/0 என்றால் ஐபிவி4-இல் இருக்கிற அத்தனை முகவரியும். அதாவது உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வர் வழியாக, உங்கள் ஐபியின் பெயரில், யாருக்கு வேண்டுமானாலும் மெயில் அனுப்பலாம். ஒரு காலத்தில் இப்படித் திறந்து வைப்பது தப்பே இல்லை. அடுத்தவர் மெயிலைக் கடத்திவிடுவது அக்கம்பக்கத்து ஒத்தாசை மாதிரி. 1998-இல் வந்த சென்ட்மெயில் 8.9-தான் இதை முன்னிருப்பாகவே மூடியது. இன்றைக்கு 25-ஆம் போர்ட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டே திரியும் நிரல்கள் ஏராளம். திறந்த ரீலேவை அவை கண்டுபிடிக்க நாள் கணக்கெல்லாம் ஆகாது.

ஆகவே மைநெட்வொர்க்ஸில் 127.0.0.0/8, ஐபிவி6-க்கான உள்முகவரி, இந்த இரண்டும் போதும். வீட்டிலிருந்து அனுப்புகிறவர்கள் 25-ஆம் போர்ட்டுக்கு வரவே கூடாது. அவர்களுக்கு 587 அல்லது 465. இரண்டிலும் பாஸ்வேர்டு கட்டாயம். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் வேலையை டவ்காட்டிடம் விட்டுவிடலாம். போஸ்ட்ஃபிக்ஸின் எந்தெந்தச் சேவை ஓட வேண்டும் என்று சொல்லும், டெபியனின் மாஸ்டர் டாட் சிஎஃப் ஃபைலில் 'சப்மிஷன்' என்று தொடங்கும் பகுதி முன்னால் # போட்டு அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அந்த # குறியை மட்டும் எடுங்கள். அதற்குக் கீழே '-ஓ' என்று வரும் வரிகளின் முன்னால் உள்ள இடைவெளியை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே வெற்றிடத்தோடு தொடங்கும் வரி முந்தைய வரியின் தொடர்ச்சி என்று கணக்கு. அழகாக இருக்கட்டும் என்று இடைவெளியை எடுத்துவிட்டு, ஏன் ஓடவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது அந்த லாக் வரிக்கு வருவோம். கடிதத்தின் கடைசியில் ஒட்டி வைத்திருக்கிறீர்கள்; விடை முழுக்க அதில்தான் இருக்கிறது.

'டிலேஸ்' என்பதில் சாய்கோடு போட்டு நான்கு எண்கள். முதலாவது, மெயில் வந்து சேர்ந்ததிலிருந்து இந்த முயற்சிக்காக எடுக்கப்படும் வரை கழிந்த நேரம். 18312 வினாடி, ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். இரண்டாவது, மெயில் வரிசையான க்யூவின் மேலாளரிடம் இருந்த நேரம். 0.02 என்றால் உங்கள் சர்வர் மூச்சு வாங்கவில்லை என்று அர்த்தம். மூன்றாவது, எதிர் சர்வரோடு தொடர்பு ஏற்படுத்த ஆன நேரம். 1.1 வினாடியில் தொடர்பு கிடைத்துவிட்டது. இந்த இடத்தில் 30 என்று இருந்திருந்தால் கதை வேறு. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு முகவரிக்காகக் காத்திருக்கும் முன்னிருப்பு நேரம் 30 வினாடி. அப்போது ஃபயர்வாலையோ, வெளியே போகும் 25-ஆம் போர்ட்டை கிளவுடுக்காரர் அடைத்திருக்கிறாரா என்பதையோ பார்க்கச் சொல்லியிருப்பேன். நான்காவது, பேச்சுவார்த்தை நடந்த நேரம். அரை வினாடிக்குள் முடித்து அனுப்பிவிட்டார்கள்.

ஆக, நெட்வொர்க் நன்றாக இருக்கிறது, உங்கள் போஸ்ட்ஃபிக்ஸும் நன்றாக இருக்கிறது. எதிர் வீட்டுக் கதவு திறந்தது, உள்ளே பேசினீர்கள், பெறுநர் பெயரைச் சொன்னதும் வெளியே அனுப்பினார்கள். 'ஆர்சிபிடி டு' என்று வரியின் கடைசியில் இருப்பது அதைத்தான் சொல்கிறது.

ஏன் அனுப்பினார்கள்? 'கேனாட் ஃபைண்ட் யுவர் ஹோஸ்ட்நேம்'. இதைப் படித்தால் யாருக்கும் மைஹோஸ்ட்நேம்தான் ஞாபகம் வரும், உங்கள்மேல் குற்றமில்லை. ஆனால் நீங்கள் உங்கள் ஃபைலில் எழுதி வைத்த பெயரைப் பற்றி எதிர் சர்வர் பேசவே இல்லை. அது உங்கள் ஐபியை மட்டும் எடுத்துக்கொண்டு, 'இந்த எண்ணுக்கு உரியவர் யார்?' என்று, பெயரையும் ஐபியையும் பொருத்திச் சொல்லும் டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது. ஒரு பெயர் கிடைத்தால், அந்தப் பெயரை மறுபடி கொடுத்து 'இதற்கு என்ன ஐபி?' என்று கேட்கிறது. சுற்றிப் போய் அதே எண்ணுக்கு வந்து சேர வேண்டும். பெயரே இல்லை, பெயருக்கு ஐபி இல்லை, ஐபி வேறாக இருக்கிறது, இந்த மூன்றில் எது நடந்தாலும் நீங்கள் பார்த்த அதே வாக்கியம்தான் வரும். மைஹோஸ்ட்நேமை ஏழு தடவை இல்லை, எழுபது தடவை மாற்றினாலும் அது மாறாது.

டிக் போட்டுப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். பெயரிலிருந்து ஐபிக்குப் போயிருக்கிறீர்கள். ஐபியிலிருந்து பெயருக்கு வந்து பாருங்கள்: 'டிக் -எக்ஸ்' போட்டு, பின்னால் ஐபியைக் கொடுங்கள். பதில் ஒன்றும் வராது, அல்லது கிளவுடுக்காரர் மொத்தமாக வைத்த ஒரு நீளமான எண் பெயர் வரும் என்று நினைக்கிறேன். பழைய இடத்தில் உங்களுக்கு முன்பு இருந்தவர் இதைச் செய்து வைத்திருப்பார். சர்வர் மாறியதும் ஐபி மாறியது, ஐபிக்குப் பெயர் சொல்லும் அந்தப் பிடிஆர் ரெக்கார்டு பழைய ஐபியோடு போய்விட்டது.

இதில் இன்னொரு கண்ணி. உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பக்கத்திலேயே பிடிஆர் என்று ஒரு ரெக்கார்டு சேர்க்க வழி இருக்கும். சேர்த்தால் ஏற்றுக்கொள்ளவும் செய்யும், ஆனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தலைகீழ்ப் பெயர், ஐபி யாருக்குச் சொந்தமோ அவர்கள் கையில் இருக்கிறது. கிளவுடுக்காரரின் கன்ட்ரோல் பேனலில் 'ரிவர்ஸ் டிஎன்எஸ்' என்று தேடுங்கள், இல்லையென்றால் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். அங்கே தரும் பெயரையே மைஹோஸ்ட்நேமிலும் வைத்துவிட்டு, அப்புறம் அந்தச் செட்டிங்கைத் தொடாதீர்கள். புதிய சர்வருக்கு ஐபிவி6 முகவரி இருந்தால் அதற்கும் தனியாகப் பிடிஆர் வேண்டும். கிடைக்காவிட்டால் ஐநெட் புரோட்டகால்ஸ் செட்டிங்கில் ஐபிவி4 மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ரீலோட் (ஓடிக்கொண்டிருக்கும்போதே செட்டிங்கைத் திரும்பப் படிக்க வைப்பது) போதாது, நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும்.

ஐந்து நாள் கணக்குக்கும் விடை அந்த 450-இல் இருக்கிறது. 4-இல் தொடங்கினால் 'இப்போது முடியாது, அப்புறம் வா'. 5-இல் தொடங்கினால் 'வராதே'. மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் விதிமுறையான எஸ்எம்டிபி 1982-இல் எழுதப்பட்ட காலத்திலிருந்து இதுதான் வழக்கு. எதிரில் இருப்பதும் போஸ்ட்ஃபிக்ஸாக இருந்தால், பெயர் கிடைக்காதவர்களுக்கு அது முன்னிருப்பாக 450 சொல்கிறது. டிஎன்எஸ் கோளாறு தற்காலிகமாக இருக்கலாமே என்கிற இரக்கம். உங்கள் சர்வர் அதை நம்பி, முதலில் 5 நிமிஷத்துக்கு ஒரு முறை, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் 4000 வினாடிக்கு ஒரு முறை என்று ஏறக்குறைய நூறு தடவை போய்க் கதவைத் தட்டிவிட்டு, ஐந்தாவது நாள் கைவிடுகிறது.

பத்து நிமிஷம், அரை மணி நேரம் தாமதமாகிறவை பெரும்பாலும் கிரேலிஸ்டிங். முன்பின் தெரியாத சர்வர் முதல் தடவை வந்தால் சும்மாவே 4 சொல்லித் திருப்பி அனுப்பி, மறுபடி வருகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்பேம் அனுப்பும் நிரல்கள் பல மறுபடி வருவதில்லை. பழகிய பிறகு தானே சரியாகிவிடும், விட்டுவிடுங்கள். ஸ்பேமில் விழுவதற்குக் காரணம், உங்கள் டொமைன் பெயரில் எந்த ஐபிகள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டில் இன்னும் பழைய ஐபி இருப்பதாக இருக்கலாம், மெயிலில் கையெழுத்துப் போடும் டிகேஐஎம் சாவி பழைய மெஷினிலேயே தங்கிவிட்டதாகவும் இருக்கலாம். இரண்டையும் பாருங்கள். எஸ்பிஎஃப்பைத் திருத்தும்போது, ஏற்கெனவே உள்ள வரியை மாற்றுங்கள். புதிதாக இரண்டாவது வரி சேர்த்தால் இரண்டுமே செல்லாது.

டிக்கை நம்பி நானும் ஒரு முறை ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சர்வரில் ரிசால்வ் டாட் கான்ஃப் ஃபைலைக் கையால் திருத்தி, டிஎன்எஸ் சர்வரை மாற்றினேன். டிக் போட்டால் எல்லாப் பெயரும் வருகிறது, பிங் போகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் மட்டும் 'அப்படி ஒரு டொமைனே இல்லை' என்று சாதிக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் முக்கியச் செட்டிங் ஃபைலான மெயின் டாட் சிஎஃப்பில் நான் மாற்றாத வரி இல்லை. விடியும் நேரத்தில்தான் உறைத்தது. அந்த டெபியன் சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸின் பல பகுதிகள் வார்-ஸ்பூல்-போஸ்ட்ஃபிக்ஸ் என்ற டைரக்டரிக்குள் அடைபட்டு ஓடின. அவற்றுக்கு வெளியுலகம் தெரியாது. அந்தக் கூண்டுக்குள் ரிசால்வ் டாட் கான்ஃப்பின் நகல் ஒன்று தனியாக இருக்கிறது. சேவை தொடங்கும்போதுதான் அது புதுப்பிக்கப்படும். நான் ராத்திரி முழுக்கச் செய்தது ரீலோட். ஒரு ரீஸ்டார்ட்டில் தீர்ந்தது. காலையில் நான் மாற்றிய வரிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்கத்தான் நேரம் பிடித்தது.

ஆகவே மறுபடி நிறுவ வேண்டாம். டிஎன்எஸ்ஸில் இருக்கும் கோளாறு புதிய போஸ்ட்ஃபிக்ஸுக்கும் அப்படியே வரும். 'போஸ்ட்கான்ஃப் -என்' என்று கொடுத்தால் மெயின் டாட் சிஎஃப்பில் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும் செட்டிங்குகள் மட்டும் வரும். ஒரு திரை அளவுக்குத்தான் இருக்கும். ஒவ்வொரு வரியையும் படித்து, எதற்காக வைத்தீர்கள் என்று சொல்ல முடியாததை நீக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்று, மாற்றியதும் லாகைப் பார்த்துவிட்டு அடுத்தது.

கடைசியாக க்யூ. ரீலே திறந்து கிடந்ததால் அதில் உங்கள் மெயிலோடு கண்டவர்கள் மெயிலும் கலந்திருக்கும். எரிச்சலில் 'போஸ்ட்சூப்பர் -டி ஆல்' போட்டுவிடாதீர்கள். நல்லது கெட்டது எல்லாம் சேர்ந்து போய்விடும், திரும்ப வராது. அதே கமாண்டில் 'டி'-க்குப் பதில் சின்ன 'ஹெச்' போட்டால் எல்லாம் ஹோல்டில் நிற்கும். ஹோல்டில் இருக்கிறவரை ஐந்து நாள் கெடுவும் அவற்றைத் தொடாது. பிறகு 'போஸ்ட்கியூ -பி' கொடுத்து அனுப்புநர்களைப் பார்த்து, அந்நியர்களுடையதை மட்டும் க்யூ எண் சொல்லி அழியுங்கள். பிடிஆர் வந்த பிறகு மிச்சத்தை 'போஸ்ட்சூப்பர் -ஆர் ஆல்' போட்டு மறுபடி வரிசையில் விடுங்கள். அதற்கு முன்னால், அந்த ஐந்து நாள் கெடுவைச் சொல்லும் மாக்ஸிமல் க்யூ லைஃப்டைமைப் பத்து நாளாக்கிவிட்டால், பழைய மெயில்களுக்கும் இன்னும் சில வாய்ப்புகள் கிடைக்கும்.

திறந்திருந்த நாட்களில் உங்கள் ஐபி ஏதாவது கறுப்புப் பட்டியலில் ஏறியிருக்கலாம். ஏறியிருந்தால் இனி வரும் மறுப்புகள் பெரும்பாலும் 5-இல் தொடங்கும், பட்டியலின் பெயரும் அதிலேயே இருக்கும். ரீலேவை மூடிய பிறகுதான் நீக்கக் கேட்க வேண்டும். அப்படி ஏதாவது வந்தால் எழுதுங்கள். ஆனால் அடுத்த கடிதத்தில் லாக் வரியை முதலில் போடுங்கள், மற்றதெல்லாம் அதற்குக் கீழே.