பாரிஸில் வாடகை வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால் பணம் யாருக்கு?

கேள்வி: பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போனபோது, வீட்டுக்காரரிடம் வாயால் சொல்லிவிட்டு, ஏர்பிஎன்பி என்ற இணையதளம் மூலம் வீட்டைப் பயணிகளுக்கு விட்டோம். இப்போது அந்தப் பணம் முழுவதையும் கேட்டு, வீட்டையும் காலி செய்யச் சொல்லி அவரிடமிருந்து பதிவுத் தபால் வந்திருக்கிறது. எங்கள் வாடகையில் ஒரு சதம்கூடப் பாக்கி இல்லை. என்ன செய்வது?

பதில்: பணம் வேறு, வீடு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலில் பணம். இதில் உங்கள் பக்கம் பலம் குறைவு. பிரான்ஸின் வீட்டு வாடகைச் சட்டமான 1989 ஜூலை 6 சட்டத்தின் 8ஆம் பிரிவு, உள்வாடகைக்கு, அதாவது வாடகைக்கு இருப்பவரே வீட்டை இன்னொருவருக்கு வாடகைக்கு விட, வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது, வாங்கப்போகும் தொகைக்கும் சேர்த்துத்தான். வாயால் சொன்னதை அவர் மறுத்தால் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. அவர் 'சரி, விடுங்கள்' என்று குறுஞ்செய்தி ஏதும் அனுப்பியிருக்கிறாரா என்று போனைத் தேடிப் பாருங்கள், இருந்தால் அழிந்துபோகாமல் சேமித்து வையுங்கள். வாடகையைத்தான் ஒழுங்காகக் கட்டினோமே என்ற வாதம் எடுபடாது. 2019 செப்டம்பர் 12ஆம் தேதி பிரான்ஸின் உச்ச நீதிமன்றம், அனுமதியில்லாத உள்வாடகை வருமானம் வீட்டுச் சொந்தக்காரருக்கே சேரும் என்று தீர்ப்பளித்துவிட்டது. அந்த வழக்கில் வாடகைக்கு இருந்தவர்கள் 27,295 யூரோ திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது.

வருடத்தில் 90 நாள் விடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். 2025 தொடக்கம் பாரிஸில் 120 நாள் 90 ஆகக் குறைந்தது உண்மைதான், ஆனால் அது ஒருவர் தான் குடியிருக்கும் வீட்டுக்கு நகரசபை வைத்த உச்சவரம்பு, அதுவும் பதிவு எண் எடுத்த பிறகு. வீட்டுக்காரரின் சம்மதத்துக்கு அது ஈடாகாது.

இனி வீடு. இங்கே பயப்படாதீர்கள். கடிதம் போட்டு யாரையும் வெளியேற்ற முடியாது, நீதிபதியின் உத்தரவு வேண்டும், தவறு எவ்வளவு பெரியது என்று பார்த்துத்தான் அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்வார். ஒரு கோடையோடு நிறுத்தியதும், வாடகையை ஒழுங்காகக் கட்டியதும் இந்த இடத்தில்தான் உங்களுக்குக் கை கொடுக்கும். உத்தரவில்லாமல் வீட்டுக்காரர் பூட்டை மாற்றினால் அது அவர்மேல் குற்றம்: 3 வருடச் சிறை, 30,000 யூரோ அபராதம் வரை போகும்.

விளம்பரத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், ஆனால் கணக்கை மூடாதீர்கள். எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்ற பட்டியலை இறக்கி வையுங்கள், வீட்டுக்காரர் கூட்டிக் கேட்டால் அதுதான் பதில். வீட்டைக் காலி செய்கிறோம் என்று எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அப்புறம், தவணையில் தருகிறோம் என்று நீங்களும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அவர் ஒத்துவராவிட்டால் நீதிமன்றத்தோடு இணைந்த சமரசக்காரரிடம் இலவசமாகப் போகலாம், வழக்கானாலும் கட்ட 2 வருடம் வரை தவணை கொடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அழைப்பாணை வந்தால் மட்டும் போகாமல் இருந்துவிடாதீர்கள், வராதவருக்காக யாரும் தவணை கேட்கமாட்டார்கள்.