பனங்கையின் தலைப்பு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

திசையன்விளைப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டைப் போன மாதம் பிரித்தோம். ஓட்டை இறக்கிவிட்டுப் பார்த்தால், அதைத் தாங்கிய பனஞ்சட்டங்களான பனங்கைகள் கருகருவென்று இரும்பு மாதிரி இருந்தன. தாத்தா காலத்தில் ஏற்றியவை. "இன்னொரு வீட்டுக்கும் தாங்கும்" என்றார் ஆசாரி. பாளையங்கோட்டையில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், "பனை மரமே கிடையாதுப்பா, அதுக்குக் கேம்பியம் இல்ல" என்றாள். ஆசாரி சிரித்துவிட்டார். பிள்ளைக்கு முகம் வாடிப்போயிற்று.

பனையைப் புல் என்று தொல்காப்பியமே சொல்கிறது, அப்போதே நம்மவர்களுக்கு மைக்ராஸ்கோப் அறிவு இருந்தது என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறதே, உண்மையா? இன்னொன்று. உள்ளமைப்பியல் என்றாலே ரெக்கார்டு நோட்டில் வட்டம் போட்டுப் புள்ளி வைப்பதுதான் என்று மகள் சலித்துக்கொள்கிறாள். அதைப் படித்து என்ன ஆகப்போகிறது?

ஒரு வாசகர், திசையன்விளை

*

அன்புள்ள தம்பி,

முதலில் மகளிடம் சொல்லுங்கள், அவள் சொன்னது சரி. ஆசாரிக்கும் அது தெரியும். கேம்பியம் என்ற பெயர்தான் தெரியாது. பனையை அறுக்கும்போது அவர் வெளிப்பக்கத்தைக் கைக்கு எடுத்துக்கொண்டு நடுவில் இருக்கும் சோற்றைக் கழித்துவிடுவார். தேக்கை அறுக்கும்போது வெளிப்பக்கத்து வெள்ளையைக் கழித்துவிட்டு நடு வைரத்தை எடுப்பார். ஏன் இப்படி மாற்றி மாற்றிச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலும் மகளின் பாடமும் ஒரே இடத்துக்கு வந்து சேரும்.

பிரித்துப்போட்ட கைகளில் ஒன்றின் தலைப்பைக் கழுவி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். கருப்புப் புள்ளிகள் தெரியும். ஒரு ஓரத்தில் ஒன்றையொன்று இடிக்கிற மாதிரி நெருங்கிக் கிடக்கும். எதிர் ஓரத்துக்குப் போகப் போக விலகி, இடையில் வெளிறிய சோறு. நகத்தால் கிள்ளினால் உதிரும். ஒவ்வொரு புள்ளியும் மரத்தின் நெடுக ஓடும் ஒரு கற்றை. கையில் ஏறுகிற சிலாம்பும் அதுவே. கற்றைக்குள் தண்ணீர் ஏற்றும் சைலமும் சர்க்கரை கொண்டுபோகும் ஃபுளோயமும் இருக்கின்றன. ஃபுளோயத்தின் மேல் தொப்பி போட்ட மாதிரி தடித்த நார். உங்கள் தாத்தாவின் ஓட்டை இத்தனை காலம் தாங்கியது அந்த நார்த்தொப்பிதான்.

வேம்பில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு சுற்றிலும் இருக்கிறது. அது உள்பக்கம் கட்டையும் வெளிப்பக்கம் பட்டைத் திசுவும் வைத்துக்கொண்டே போகும். உள்ளே அகப்பட்ட பழைய கட்டை செத்து, நிறமேறி, வைரமாகிறது. பனைக்கு அந்த அடுக்கே கிடையாது. வடலியாகத் தரையோடு நிற்கும் வருஷங்களிலேயே அது தனக்கு வேண்டிய பருமனைக் கட்டிக்கொள்கிறது. பிறகுதான் உயரம். வேம்பு மாதிரி புதுக் கட்டை வைத்துப் பருக்க அதற்கு வழியில்லை. ஓரத்துக் கற்றைகளின் நார்களோ வருஷக்கணக்கில் சுவர் தடித்துக்கொண்டே போகின்றன. அதனால்தான் முற்றிய பனை வேண்டும் என்று ஆசாரி அலைவது. பனையில் அரிவாளால் ஒரு கொத்துக் கொத்தினால் அந்தப் பள்ளம் காலத்துக்கும் மூடாமல் நிற்பதும் இதனால்தான்.

தொல்காப்பியத்துக்கு வருகிறேன். அதில் மரபியல் என்ற பகுதியில் அந்த வரிகள் இருக்கின்றன: "புறக்காழனவே புல்லென மொழிப", "அகக்காழனவே மரமென மொழிப". காழ் என்றால் வைரம். வெளியே வைரம் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். பனையும் தென்னையும் மூங்கிலும் ஒரு பக்கம், தேக்கும் வேம்பும் மறுபக்கம். இன்றைய தாவரவியல் புல்லினமான நெல்லையும் பனையையும் வேறு வேறு குடும்பத்தில் வைத்தாலும், இரண்டையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்ற பெரும்பிரிவில் சேர்த்தே வைத்திருக்கிறது. எனக்கு இந்த வரிகளை எத்தனை முறை படித்தாலும் உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் மைக்ராஸ்கோப் என்று சொல்லாதீர்கள். "மொழிப" என்கிறார் தொல்காப்பியர், கவனியுங்கள். அப்படிச் சொல்வார்கள் என்று பொருள். கோடாலியும் உளியும் பிடித்தவர்கள் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்ததைத்தான் அவர் எழுதிவைத்திருக்கிறார் என்று நான் வாசிக்கிறேன். அந்தப் பிரிவுக்கு எல்லையும் உண்டு. முருங்கையில் உள்ளேயும் வைரமில்லை, வெளியேயும் இல்லை. செல் என்பதை ஒருவர் லென்ஸ் வழியே பார்த்து எழுதியது 1665இல், ராபர்ட் ஹூக், ஒரு தக்கைச் சீவலில். நெகமையா க்ரூவும் மார்செல்லோ மால்பிகியும் செடிகளை அறுத்து அறுத்து வரைந்தது அடுத்த இருபது வருஷங்களில். அவர்கள் செய்த வேலையை நம் கணக்கில் எழுதினால், நம் ஆசாரிகள் கையாலும் கண்ணாலும் கண்டுபிடித்தது மறைந்துபோகும். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

மகளின் சலிப்பு எனக்குப் புரிகிறது. நான் படித்தபோதும் ஒருவித்திலைத் தண்டு என்றால் பெட்டியில் இருந்த மக்காச்சோள ஸ்லைடுதான். ஜன்னலுக்கு வெளியே வரிசையாகப் பனை நின்றது. அதை ஒன்று வெட்டிப் பார் என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் நானே வடலி மட்டையில் ஒரு துண்டு நறுக்கி, கேரட்டுக்குள் செருகி, சவர பிளேடால் சீவினேன். நாலாவது சீவலில் பிளேடு பல்லுப் பல்லாகிவிட்டது. பனை நாரின் பக்கவாட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன செல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிலிக்கா மணி. மணல் மாதிரிதான் அதுவும். பனையறுத்தால் வாள் மழுங்கும் என்று ஆசாரிமார் சொல்வதன் காரணம் அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. சாஃப்ரனின் சாயம் இட்டபோது நார்த்தொப்பி செக்கச்செவேலென்று எழுந்தது. அந்தச் சிவப்பு இன்னும் மனசில் இருக்கிறது.

பதநீர் எங்கிருந்து வருகிறது என்று மகளிடம் கேளுங்கள். பாளையைச் சீவினால் அறுபடுவது ஃபுளோயத்தின் சல்லடைக் குழாய்கள். அழுத்தத்தில் இருக்கும் சர்க்கரைச் சாறு வெளியே வரும். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும். பனையேறி மறுபடி ஏறி, ஓலை கனத்துக்கு ஒரு சீவல் சீவி வாயைத் திறந்துவிடுகிறார். கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். இன்னொன்று, இதை நினைத்து நான் பலநாள் தூங்காமல் கிடந்திருக்கிறேன். சல்லடைக் குழாய்ச் செல்லுக்கு நியூக்ளியஸ் கிடையாது. வேம்பில் அது கொஞ்ச காலத்தில் ஓய்ந்துவிடும், கேம்பியம் புதியதைப் போட்டுக்கொள்ளும். பனைக்குப் போட ஆளில்லை. உங்கள் தாத்தா விதைத்த பனை இன்றும் நின்றால், அதன் அடிமரத்தில் அன்றைக்கு உண்டான அதே குழாய்கள்தான் இன்றைக்கும் உயிரோடு வேலை செய்கின்றன.

என்ன ஆகப்போகிறது என்று கேட்டீர்கள். கேத்தரின் ஈசா என்ற பெண்மணி (1898–1997) சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வகைப் பயிரில் இலை சுருளும் வைரஸ் நோயைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். வைரஸ் ஃபுளோயத்தில் என்ன செய்கிறது என்று பார்க்கப் போனவர், ஃபுளோயத்தையே உலகத்துக்கு விளக்கிச் சொல்பவராக ஆனார். நம் பக்கத்துக்கு வாருங்கள். நிலாவாரை என்ற மருந்து இலை உலகச் சந்தையில் "டின்னவேலி சென்னா" என்று நம் திருநெல்வேலிப் பெயரில்தான் விற்கிறது. பொடியாக்கிய பின் அது நிலாவாரைதானா, வேறு இலை கலந்ததா? லென்ஸுக்கு அடியில் ஒரு சிட்டிகை வைத்துத் தேட வேண்டும்: சொரசொரப்பான சுவருள்ள ஒற்றைச் செல் முடிகள், மேல்புறம் கீழ்புறம் இரண்டிலும் நெடுஞ்செல் அடுக்கு உள்ள இலைத்துண்டு. இதைச் செய்ய ரெக்கார்டு நோட்டில் வட்டம் போட்ட கை போதாது. அறுத்துப் பழகிய கை வேண்டும்.

அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தப் பனங்கையில் இரண்டு அங்குலம் ஆசாரியிடமே அறுத்து வாங்கி மகளிடம் கொடுங்கள். தண்ணீரில் நன்றாக வேகவைத்துவிட்டுச் சீவச் சொல்லுங்கள். பிளேடு நாலைந்து கூடவே வேண்டும். நல்ல சீவல் ஒன்று கிடைத்ததும் ஆசாரியைக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போய், லென்ஸ் வழியே அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்
அண்ணாச்சி