கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆன்ட்ரூ டிக்சன் வைட்டின் பங்கு என்ன?

பணமும் நிலமும் எஸ்ரா கார்னெல் தந்தவை. தந்தித் தொழிலில் சம்பாதித்ததில் 5 லட்சம் டாலரோடு, நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா ஊரில் இருந்த தன் பண்ணையையும் கொடுத்தார். அங்கே எப்படிப்பட்ட கல்வி நடக்க வேண்டும் என்று தீர்மானித்தவர் வைட் (1832–1918).

இருவரும் நியூயார்க் மாநில செனட்டில் சந்தித்தார்கள், முதலில் மோதலோடுதான். மத்திய அரசு கல்லூரிகளுக்கென ஒதுக்கிய நிலத்தின் பலனை இரண்டு கல்லூரிகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்றார் கார்னெல். பிரித்தால் இரண்டுமே உருப்படாது என்று வைட் பிடிவாதமாக நின்றார். அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் இந்தப் பல்கலைக்கழகமே இல்லை என்பேன்.

1868-இல் வகுப்புகள் தொடங்கியபோது வைட்தான் முதல் தலைவர். எந்த மதப்பிரிவின் பிடியிலும் இல்லாத பல்கலைக்கழகம் அது. கிரேக்க, லத்தீன் இலக்கியத்துக்கு இருந்த மதிப்பு பொறியியலுக்கும் விவசாயத்துக்கும் கிடைத்தது. சில ஆண்டுகளில் பெண்களும் சேர்ந்தார்கள். தான் சேர்த்த சுமார் 30,000 நூல்களையும் வைட் அங்கேயே கொடுத்துவிட்டார்.

அடிப்படையில் அவர் வரலாற்றாசிரியர். கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு முன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தார். மாணவர்களோடு சேர்ந்து வளாகத்தில் எல்ம் மரங்களும் நட்டார். 1884-இல் அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் முதல் தலைவரானார்.

ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் தூதராக இருந்தார். 1899 ஹேக் அமைதி மாநாட்டுக்கு அமெரிக்கக் குழுவை அழைத்துச் சென்றதும் அவரே. நாடுகளுக்கிடையேயான வழக்குகளை விசாரிக்க அங்கே எழுந்த அமைதி மாளிகைக்கு எஃகுத் தொழிலதிபர் ஆன்ட்ரூ கார்னகி நிதி தந்ததில் வைட்டின் வற்புறுத்தலுக்குப் பெரும் பங்கு உண்டு.