இஞ்சியின் மருத்துவ குணங்கள் என்ன? தினமும் சாப்பிடலாமா?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். சின்ன வயதில் பத்தாவது வளைவுக்குள் எனக்குக் குமட்டிவிடும். அதனால் பஸ் ஏறும் முன்பே அம்மா ஒரு துண்டு இஞ்சி மரப்பாவை வாயில் போட்டுவிடுவார். வாந்தி அடியோடு நின்றது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாதி நாள் தப்பித்திருக்கிறேன். 1982இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், பயணக் குமட்டல் உள்ளவர்களைச் சுழலும் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். குமட்டல் மாத்திரை போட்டவர்களைவிடச் சுக்குப்பொடி சாப்பிட்டவர்கள் அதிக நேரம் தாக்குப்பிடித்தார்களாம். அம்மாவிடம் சொன்னேன். "இதுக்கு நாற்காலி வேற சுத்தணுமாக்கும்" என்றார்.

குமட்டலுக்குத்தான் இஞ்சியின் முதல் மதிப்பெண். மசக்கை வாந்திக்கும் கேட்கிறது. ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்கு 1 கிராம் அளவு சுக்குப்பொடிதான் கொடுத்திருக்கிறார்கள். கர்ப்பிணிகள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அடுத்தது செரிமானம், வயிற்று உப்புசம். விருந்து முடிந்து வயிறு கல் மாதிரி இருக்கும்போது இஞ்சிச் சாறும் தேனும் எனக்குக் கைகொடுத்திருக்கின்றன. சாறு எடுத்ததும் குடிக்காமல் கொஞ்ச நேரம் தெளிய விட்டு, அடியில் தங்கும் வெள்ளை மண்டியை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் எடுப்போம். அந்த மண்டியை நஞ்சு என்பார்கள். பெரும்பாலும் மாவுச்சத்துதான், பயப்பட வேண்டாம்.

சுக்கு வேறு கதை. இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற காரப்பொருள், ஷோகாவால் என்ற வேறொரு பொருளாக மாறுகிறது (ஜப்பானிய மொழியில் ஷோகா என்றால் இஞ்சி). இஞ்சியைவிடச் சுக்கு சுள்ளென்று இருப்பது அதனால்தான். சளி பிடித்தால் சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்டுக் காய்ச்சிய சுக்குக் காபி தொண்டைக்கு இதமாக இருக்கும். சளி என்னவோ தன் ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டுதான் போகும்.

எடை குறையும், புற்றுநோய் தீரும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி லிட்டர் கணக்கில் குடிக்காதீர்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு எரிச்சலைக் கூட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு அந்த மாத்திரை ஆரம்பித்தபோது, தினமும் குடித்துவந்த இஞ்சிச் சாற்றை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். துவையலுக்கும் குழம்புக்கும் தடையில்லை. இப்போது அந்தச் சாக்கில் வாரத்தில் மூன்று நாள் இஞ்சித் துவையல் கேட்கிறார்.