எக்ஸ்ரே படிப்புக்குப் போகலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ரேடியோகிராஃபராக வேலை பார்த்து, இப்போது அதே துறையில் பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

மகளுக்கு பி.எஸ்சி. ரேடியோகிராஃபி சீட் கிடைக்கும் போலிருக்கிறது. "கதிர் படும், நாளைக்குக் குழந்தை தங்காது" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். சேர்க்கலாமா மேடம்?
– ஒரு தாய், அருப்புக்கோட்டை

தாராளமாகச் சேருங்கள் அம்மா. இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 1895 நவம்பர் 8-ல் ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தபோது அது உடம்பை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. ஆரம்பத்தில் பாதுகாப்பே இல்லாமல் வேலை பார்த்தவர்களில் பலர் விரல்களை இழந்தார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். இன்றைய விதிகள் அவர்கள் பட்ட பாட்டிலிருந்து வந்தவை. உடம்பில் படும் கதிரை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறார்கள்; ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு வைத்திருக்கிறது. தடுப்புக்குப் பின்னால் நின்று ஒழுங்காக வேலை செய்பவர்கள் அந்த வரம்பின் பக்கமே போவதில்லை. அதற்குச் சாட்சி நெஞ்சில் மாட்டியிருக்கும், படும் கதிரைப் பதிந்துகொள்ளும் டிஎல்டி பேட்ஜ். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி, எவ்வளவு பட்டது என்று கணக்குப் பார்க்கிறார்கள். கர்ப்பமானதைத் தெரிவித்துவிட்டால், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு மீதி மாதங்கள் அத்தனைக்கும் சேர்த்து 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு, அதற்கு ஏற்றபடி நிர்வாகம் வேலையை மாற்றிக்கொடுக்க வேண்டும்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது கல்லூரியைப் பற்றி. நோயாளிகள் நிறைய வரும் மருத்துவமனை அதோடு இருக்கிறதா, எந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம், படிக்கிற பிள்ளைகளுக்கும் பேட்ஜ் கொடுக்கிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். மாடியில் ரெண்டு அறையை வாடகைக்கு எடுத்து, படத்தைக் காட்டிப் பாடம் நடத்திச் சான்றிதழ் கொடுக்கும் இடமென்றால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

இரண்டாம் வருடம் படிக்கிறேன். எப்போதும் எக்ஸ்ரே அறையில்தான் போஸ்டிங். சி.டி., எம்.ஆர்.ஐ. பக்கமே விடுவதில்லை. பட்டன் அமுக்குவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?
– மாணவர், நாகர்கோவில்

தம்பி, பட்டன் அமுக்க ஒரு நொடிகூட ஆகாது. நம் தொழில் முழுக்க அதற்கு முந்தின ரெண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது. தினமும் எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரேயையே பார். நோயாளியின் நெஞ்சை ஏன் டிடெக்டரோடு, அதாவது படம் பதியும் பலகையோடு ஒட்டி, முதுகுப் பக்கமிருந்து கதிர் வரும்படி நிறுத்துகிறோம்? இதயம் முன்பக்கம் இருக்கிறது. அதை டிடெக்டருக்குப் பக்கத்தில் வைத்து, கதிர் வரும் எக்ஸ்ரே குழாயை 180 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால்தான் நிழல் கிட்டத்தட்ட அசல் அளவில் விழும். படுக்கையிலேயே முன்பக்கமிருந்து எடுத்தால் நல்ல இதயம்கூட வீங்கியது மாதிரி தெரியும், அதனால்தான் எப்படி எடுத்தோம் என்று படத்தில் குறித்துக் கொடுக்கிறோம். தோளை முன்னால் தள்ளச் சொல்வது தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் விழாமல் இருக்க. அப்புறம் மூச்சு. "நல்லா இழுத்துப் பிடிங்க" என்றதும் பாதிப் பேர் தோளைத்தான் தூக்குகிறார்கள், மூச்சு உள்ளே போவதே இல்லை. கதிர் கொடுக்கும் முன் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள். படம் வந்ததும் எண்ணு: பின்பக்க விலா எலும்பு ஒன்பது அல்லது பத்து நுரையீரல் மேல் தெரிந்தால் மூச்சு சரி. காறை எலும்பின் உள்முனை ரெண்டும் முதுகெலும்பிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் ஆள் திரும்பவில்லை. வலது, இடது மார்க்கரை மறக்காதே. இதயம் வலப்பக்கம் இருப்பவர்களும் உண்டு, மார்க்கர் இல்லாத படத்தை வைத்து யாராலும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கூன் விழுந்த பாட்டியையும், வலியில் கையை அசைக்கவே விடாத பையனையும் பேசிப் பேசிச் சரியான நிலைக்குக் கொண்டுவரப் பழகிக்கொள். சி.டி.யில் அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். எம்.ஆர்.ஐ. கிடைக்கும்போது முதலில் பாதுகாப்பைக் கற்றுக்கொள்: ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும், சாதாரண ஆக்ஸிஜன் சிலிண்டரை வாசலிலேயே நிறுத்தத் தெரியாதவர் அந்த அறைக்குள் இருக்கவே கூடாது.

டிப்ளமோ முடித்து ஸ்கேன் சென்டரில் பல வருடமாக வேலை. பாடம் நடத்த ஆசை. முடியுமா?
– வாசகர், மதுரை

முடியும், ஆனால் பட்டப்படிப்பும் அதற்கு மேல் எம்.எஸ்சி.யும் வேண்டியிருக்கும். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில் நம் துறையும் இருக்கிறது, இனி தகுதியைக் கறாராகத்தான் பார்ப்பார்கள். சென்னையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-லேயே தொடங்கியது. இந்தத் துறைக்கு இங்கே இவ்வளவு நீண்ட வரலாறு இருந்தும் நம் வகுப்பறைகளில் குறை ஒன்று உண்டு: நல்ல படத்தை மட்டுமே காட்டுகிறோம். உங்கள் சென்டரில் அனுமதி வாங்கி, தவறிப்போய்த் திரும்ப எடுத்த படங்களைப் பெயர், விவரம் நீக்கிச் சேர்த்து வையுங்கள். ஆள் அசைந்ததா, கதிர் குறைந்ததா, பொசிஷன் தவறா என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். எந்தப் புத்தகத்தைவிடவும் பிள்ளைகளுக்கு அது உதவும்.

டாக்டர் வரும்வரை கர்ப்பிணிகளுக்கு அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்கிறார் முதலாளி. பார்க்கலாமா?
– பெயர் வேண்டாம், சேலம்

கூடாது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் வருடச் சட்டமும் அதன் விதிகளும் அந்த ஸ்கேனைத் தகுதி பெற்ற மருத்துவர்தான் செய்யலாம் என்கின்றன. "நான் சொல்லித்தானே செய்தாய்" என்று முதலாளி பொறுப்பேற்றாலும் வழக்கு உங்கள் மேலும் வரும். முடியாது என்று சொல்லிவிடுங்கள், அப்போதும் வற்புறுத்தினால் வேறு இடம் பாருங்கள். நல்ல ரேடியோகிராஃபருக்கு வேலை கிடைக்கும்.