நகல் வாங்காமல் வாசல் தாண்டாதீர்கள்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

பாலியல் வன்முறை வழக்குகள் பற்றி வழக்கறிஞரான எனக்கு இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் கையெழுத்தே இல்லை. அது தவறில்லை, பெயர் எனக்குத் தேவையில்லை. ஆனால் சம்பவம் நடந்த தேதியும் பாதிக்கப்பட்டவரின் வயதும் இல்லாமல் என்னால் ஒரு வரிகூடச் சரியாகச் சொல்ல முடியாது. போன முறையும் இதைத்தான் எழுதினேன்.

மகளிர் ஸ்டேஷனில் புகார் கொடுத்து ஒன்பது நாள் ஆகிறது. சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். சம்பவம் நடந்தது வேறு ஊர், அங்கே போங்கள் என்கிறார் இன்ஸ்பெக்டர். என்ன செய்வது? (ஒரு தந்தை, விழுப்புரம் மாவட்டம்)

சி.எஸ்.ஆர். என்பது நீங்கள் வந்துபோனதற்கான சீட்டு. அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. எந்த ஊரில் நடந்திருந்தாலும் நீங்கள் போய் நிற்கும் ஸ்டேஷன் பதிவுசெய்தே ஆக வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த புதுச் சட்டம்) 173-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவுசெய்துவிட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. பாலியல் வன்முறைப் புகாரைப் பதிவுசெய்ய மறுக்கும் அதிகாரிக்கு பி.என்.எஸ். (இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த புதுச் சட்டம்) 199-இன் கீழ் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. இந்தப் பிரிவின் எண்ணை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். குரலை உயர்த்த வேண்டாம், தாளைக் காட்டினால் போதும். அதற்கும் அசையவில்லை என்றால் எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட், அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்ட்ரேட். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். நகல் வாங்காமல் வாசல் தாண்டாதீர்கள்.

என் தோழிக்குத் தவறு நடந்துவிட்டது. கேஸ் நிற்குமா?

எப்போது? எங்கே? அவருக்கு வயது என்ன? யார் செய்தது? ஒன்றும் எழுதவில்லை. இன்னொன்று: நடந்தது “தவறு” அல்ல, குற்றம். கேஸ் நிற்குமா என்று கேட்பதற்கு முன் தோழி என்ன விரும்புகிறார் என்று அவரிடம் கேட்டீர்களா? அவர் வயதுவந்தவர் என்றால் புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அவருடைய முடிவு. இப்போதைக்கு அவரோடு இருங்கள். 181 எண்ணுக்கு அவரே பேசலாம், நீங்களும் பேசலாம். விவரங்களோடு மறுபடி எழுதுங்கள்.

தங்கைக்கு நடந்து மூன்று நாள் ஆகிவிட்டது. பயத்தில் குளித்துவிட்டாள். துணியை அம்மா துவைத்துவிட்டார். இனி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயன் உண்டா?

உண்டு. இன்றே போங்கள். சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல்படி 96 மணி நேரம் வரை உடலிலிருந்து சான்றுக்கான மாதிரிகள் எடுக்க வேண்டும். அதைத் தாண்டினாலும் காயங்களைப் பதிவு செய்ய வேண்டும், சிகிச்சை தர வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், கர்ப்பத் தடை மாத்திரையும் எவ்வளவு முன்னால் தருகிறார்களோ அவ்வளவு நல்லது. சான்றைவிட உங்கள் தங்கையின் உடம்புக்காகத்தான் அவசரப்படுத்துகிறேன். எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டு வா என்று ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பக் கூடாது. அரசு, தனியார் எதுவானாலும் பி.என்.எஸ்.எஸ். 397-இன்படி முதலுதவியும் சிகிச்சையும் இலவசம்.

துவைத்த துணியையும் தூக்கிப் போடாதீர்கள். சில சமயம் அதிலும் கறை மிஞ்சும். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி, காகிதத்தில் சுற்றி, காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம். ஒரு தாய் மகளின் பாவாடையை ஜவுளிக்கடைக் கவரில் போட்டு, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு, நாலு நாள் பீரோவுக்குள் பத்திரமாக வைத்திருந்து என்னிடம் கொண்டு வந்தார். பிரித்தபோது துணி முழுக்கப் பூஞ்சை. அந்த அம்மா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. துவைக்காதீர்கள், அழிக்காதீர்கள், பிளாஸ்டிக்கில் வைக்காதீர்கள். போனில் வந்த மெசேஜுக்கும் இதேதான்: அழிக்காதீர்கள்.

என் அண்ணன் மகள் வழக்கு சார்ஜ் ஷீட் ஆகிவிட்டது. பையன் வீட்டார் பெரியவர்களை வைத்துப் பேசுகிறார்கள். கல்யாணம் செய்துகொள்கிறானாம், இரண்டு லட்சமும் தருகிறார்களாம். பெண்ணின் எதிர்காலத்தை நினைத்து வழக்கை வாபஸ் வாங்கலாம் என்கிறோம். எப்படி எழுதிக் கொடுக்க வேண்டும்? (ஒரு சித்தப்பா, தருமபுரி மாவட்டம்)

எப்படி எழுதிக் கொடுப்பது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. முதலில் சட்டத்தைச் சொல்கிறேன். எஃப்.ஐ.ஆர். போட்டபிறகு வழக்கை நடத்துவது அரசு. வாபஸ் வாங்க அது உங்கள் வீட்டுச் சொத்தல்ல. சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியலில் பாலியல் வன்புணர்வு கிடையாது. 2015 ஜூலையில் மதன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சொன்னது. அப்போதுதான் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்ப, குற்றவாளிக்கு ஜாமீனும் கொடுத்திருந்தார்கள். எதிர்ப்பு எழுந்து, சில வாரங்களில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். 2024 நவம்பரில் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில், மாணவியின் அப்பாவும் ஆசிரியரும் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்த போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கை உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தது.

அபூர்வமாகச் சில வழக்குகளை நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தில் முடித்ததுண்டு. ஊர்ப் பெரியவர்கள் பத்திரத்தாளில் கையெழுத்துப் போட்டு முடிகிற காரியம் அல்ல அது. அதனால் இவர்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பெண் கூண்டில் ஏறி, நடக்கவில்லை என்று பொய் சொல்ல வேண்டும். பிறழ் சாட்சி ஆக வேண்டும்.

இதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு மகிளா கோர்ட் வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்ச். 19 வயதுப் பெண் ஒருத்தி, அவள் பக்கத்தில் அவனுடைய அம்மா. அந்த அம்மா மடியில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் புதுப் பட்டுப்புடவை. காலையிலிருந்து மூன்று தடவை அதை வெளியே எடுத்து, கரையைத் தடவி, அந்தப் பெண்ணிடம் காட்டினார். பெண்ணைப் பெற்றவர் சுவரைப் பார்த்து நின்றார். கூண்டில் ஏறியவள் எல்லாக் கேள்விக்கும் “ஞாபகம் இல்லைங்க” என்றாள். பத்து நிமிடத்தில் முடிந்தது. விடுதலை. நாலைந்து மாதம் கழித்து என் அலுவலகத்துக்கு வந்தாள். புடவை மடிப்புக் கலையாமல் அதே பையில் இருந்தது. கல்யாணம் நடக்கவில்லை. “மேல்முறையீடு போடலாமா அக்கா?” என்று கேட்டாள். பாதிக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அவள் வாயாலேயே “ஞாபகம் இல்லை” என்று பதிவான பிறகு நான் எதை வைத்து வாதாடுவேன்?

பெண்ணின் எதிர்காலம் என்கிறீர்கள். அவளை வன்முறை செய்தவனோடு ஒரே கூரையின் கீழ் அனுப்புவது எந்த எதிர்காலம்? உங்கள் கடிதத்தில் பையன் வீட்டார், பெரியவர்கள், அண்ணன், நீங்கள் என்று எல்லாரும் வருகிறீர்கள். அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. தனியாக உட்காரவைத்து, ஆண்கள் யாரும் இல்லாமல், அவளிடம் கேளுங்கள். பேச்சுவார்த்தை என்று வருகிறவர்களின் பெயர், தேதி, சொன்ன தொகை எல்லாவற்றையும் எழுதி அரசு வழக்கறிஞரிடம் கொடுங்கள். சாட்சியைக் கலைப்பதாக மனுப் போட்டால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம். மிரட்டல் இருந்தால் 2018 சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். வாச்சாத்தி உங்கள் மாவட்டம்தானே. 1992 ஜூனில் 18 பெண்களுக்கு நடந்த கொடுமைக்கு 2011-இல் தருமபுரி நீதிமன்றத்தில் தண்டனை கிடைத்தது, 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பது வருஷம், எதிரே இருந்தது வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும். அந்த மலைக்கிராமத்துப் பெண்கள் சொல்லை மாற்றவில்லை.

மகளுக்கு 9 வயது. அடுத்த மாதம் சாட்சி சொல்ல வேண்டும். அவனை நேரில் பார்க்க வேண்டியிருக்குமா?

கூடாது. போக்சோ 36-இன்படி அவள் பேசும்போது அவன் கண்ணில் படக் கூடாது; திரையோ வீடியோவோ ஏற்பாடு செய்ய வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் நேரடியாக அவளைக் கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேள்வி வரும். நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், அவள் சோர்ந்தால் இடைவேளை கேட்கலாம். வாய்தா வாய்தாவாக அலைக்கழிக்கவும் கூடாது. முக்கியமானது: வழக்கில் குழந்தைக்குத் துணையாக இருக்க, குழந்தைகள் நலக் குழு நியமிக்கும் ஆதரவு நபர் உங்களுக்கு வந்துவிட்டாரா? பல குடும்பங்களுக்கு அப்படி ஒருவர் உண்டு என்பதே தெரிவதில்லை. இல்லையென்றால் நாளைக்கே குழுவிடம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். சாட்சி நாளுக்கு முன்பே ஒருமுறை குழந்தையைக் கூட்டிப்போய் அந்த அறையைக் காட்டுங்கள். எங்கே உட்காருவாள், தண்ணீர் எங்கே, கழிவறை எங்கே என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு நீதி கேட்டு ஒரு குழு ஆரம்பித்திருக்கிறோம். அவர் படத்தையும் எஃப்.ஐ.ஆரையும் இணைத்திருக்கிறேன், பார்த்துப் பரப்பவும்.

பார்த்த உடனே அழித்தேன். நீங்களும் அழியுங்கள். (இது ஒன்றை மட்டும் அழிக்கலாம்.) அவர் யார் என்று தெரியும்படி எதையும் வெளியிட்டால் பி.என்.எஸ். 72-இன் கீழ் சிறைத் தண்டனை உண்டு. நல்ல எண்ணம் என்பது தப்பிக்கும் வழி ஆகாது. பெயர் மட்டும் இல்லை, தெரு, கல்லூரி, அப்பாவின் தொழில் என்று எதைச் சொன்னாலும் ஊருக்குப் புரிந்துவிடும். பொள்ளாச்சி வழக்கில் அடையாளம் வெளியானதற்காக 2019-இல் 25 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றம். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் எஃப்.ஐ.ஆர். கசிந்தபோதும் அதே 25 லட்சம். பணம் கிடைத்தாலும் வெளியே போன பெயர் திரும்பி வராது. நீதி கேட்க அவர் முகம் தேவையில்லை.

2009-இல், எனக்கு 11 வயதில், உறவினர் ஒருவர். இப்போது புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். இத்தனை வருஷம் கழித்து எழுதியதற்கு நன்றி. ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன்: போக்சோ 2012 நவம்பர் 14-இல்தான் அமலுக்கு வந்தது, உங்களுக்குப் பொருந்தாது. அன்றைய இந்திய தண்டனைச் சட்டம்தான். அதில் 376 (வன்புணர்வு), 377 (இயற்கைக்கு மாறான உறவு என்று அன்று சொன்ன குற்றம்) போன்றவற்றுக்குக் காலவரம்பு இல்லை. அன்றைய 354-க்கு (மானபங்கம்) தண்டனையே 2 ஆண்டுதான் என்பதால் 3 ஆண்டு வரம்பு உண்டு. தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். நடந்தது என்ன என்பதைப் பொறுத்து வழி மாறும். அதை எனக்கு எழுத வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண் வழக்கறிஞர் கேட்டு, நேரில் சொல்லுங்கள். கட்டணம் இல்லை.

தீர்ப்பு வந்தால்தான் இழப்பீடா?

இல்லை. வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்புணர்வுக்கு 5 முதல் 10 லட்சம் என்று 2018 திட்டம் சொல்கிறது. குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும் கேட்கலாம். போக்சோ வழக்கில் எஃப்.ஐ.ஆருக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இடைக்கால இழப்பீடு உண்டு. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் என்றால் வன்கொடுமைச் சட்டப் பிரிவுகள் எஃப்.ஐ.ஆரில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதில் தனி உதவித்தொகை இருக்கிறது, விசாரணை அதிகாரியும் டி.எஸ்.பி. நிலையில் இருக்க வேண்டும்.

எங்கள் மருத்துவமனைப் படிவத்தில் இரு விரல் சோதனைக்கு இன்னும் இடம் இருக்கிறது. மூத்த மருத்துவர் நிரப்பச் சொல்கிறார். (ஒரு பயிற்சி மருத்துவர்)

நிரப்பாதீர்கள். பெண் பாலுறவுக்குப் பழகியவரா என்று விரல் விட்டுப் பார்க்கும் சோதனை இது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இதைச் செய்பவர் நடத்தை விதி மீறியவர் ஆவார் என்றது. அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் தடை சொன்னது. படிவம் பழையது என்று கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

பெரும்பாலான புகார்கள் பொய் என்று சொல்கிறார்களே?

யார் சொல்கிறார்கள்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் வன்புணர்வு வழக்குகள் ஏறக்குறைய 31,500. நூற்றில் 95-க்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவர். தண்டனை விகிதம் 30-க்கும் கீழே. விடுதலை ஆனால் புகார் பொய் என்று அர்த்தம் அல்ல. மஞ்சப்பையைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

17 வயது மகள் கர்ப்பம். டாக்டரிடம் போனால் போலீஸ் வருமோ என்று பயமாக இருக்கிறது.

வீட்டு வைத்தியம், மருந்துக்கடை மாத்திரை எதையும் தொடாதீர்கள். உயிருக்கு ஆபத்து. கருக்கலைப்புக்கு 24 வாரம் வரை சட்டம் இடம் தருகிறது. மருத்துவர் தகவல் சொல்ல வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் நீங்களும் மகளும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இன்றே போங்கள்.

கணவர்தான் செய்கிறார். இதற்கெல்லாம் சட்டம் உண்டா?

மனைவி 18 வயதைத் தாண்டியிருந்தால் அதை வன்புணர்வு என்று நம் சட்டம் இன்னும் ஏற்கவில்லை. 2013 ஜனவரியில், பாலியல் குற்றச் சட்டங்களைத் திருத்த யோசனை சொல்ல அமைத்த நீதிபதி வர்மா குழு இந்த விலக்கை நீக்கச் சொன்னது. புதுச் சட்டம் எழுதியபோதும் நீக்கவில்லை. இது அநியாயம். ஆனாலும் உங்கள் கை வெறுங்கையல்ல: 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் துன்புறுத்தலும் அடங்கும். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். அந்த வீட்டில் இருக்கும் உரிமையோடு பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். பிரிந்து வாழும் மனைவி என்றால் பி.என்.எஸ். 67 இருக்கிறது.

நான் திருநங்கை. ஸ்டேஷனில் “உனக்கெல்லாம் எந்த செக்‌ஷன்மா போடறது” என்று கேட்டார்கள்.

2019 திருநர் உரிமைச் சட்டம் 18-ஆம் பிரிவு போட வேண்டும். அதில் தண்டனை 6 மாதம் முதல் 2 ஆண்டுதான். ஒரே குற்றத்துக்கு, பாதிக்கப்பட்டவர் பெண் என்றால் குறைந்தது 10 ஆண்டு, நீங்கள் என்றால் அதிகபட்சம் 2 ஆண்டு தண்டனை என்பதை எந்த மேடையிலும் நான் எதிர்த்துப் பேசுவேன். பழைய 377-ஐயும் புதுச் சட்டம் விட்டுவிட்டது. அதனால் புகாரில் நடந்த ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்: அடித்தது, அடைத்து வைத்தது, மிரட்டியது, படம் எடுத்தது, பணம் பிடுங்கியது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு உண்டு, சேர்ந்தால் தண்டனை கூடும். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள். அங்கே அப்படிக் கேட்டவரின் பெயரையும் பதவியையும் தேதியோடு குறித்து அனுப்புங்கள். எஸ்.பி.க்கு மனு நான் எழுதித் தருகிறேன்.