அழுகையும் சந்தோஷமும் ஒரே நாளில்: கேள்வி பதில்

கடினமான நாட்களில் கர்த்தருக்குள் சந்தோஷமாயிருப்பது எப்படி என்று சிங்கப்பூரில் உள்ள சபையார் அனுப்பிய கேள்விகள் இவை. வேதபாட வகுப்பு நடத்துபவரும், துக்கத்தில் இருக்கிற வீடுகளுக்குத் துணையாகப் போய்வருபவருமான அக்கா பதில் சொல்கிறார்.

ஈசூனிலிருந்து ஒரு சகோதரி: "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பிலிப்பியர் 4:4 கட்டளையாகவே சொல்கிறது. அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். எனக்கு அழுகைதான் வருகிறது. நான் கீழ்ப்படியாமல் இருக்கிறேனா அக்கா?

இல்லைம்மா. அந்த ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்து நம் தலையில் வைத்துக்கொள்வதால் வருகிற பாரம் இது. பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய நிருபம் (கடிதம்) முழுவதையும் ஒரே மூச்சில், சத்தமாக வாசித்துப் பாருங்கள். நான்கே அதிகாரம், 104 வசனம், கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எழுதுகிற பவுல் கட்டுண்டு கிடக்கிறார் (1:13). உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்ததைச் சொல்லும்போது, "துக்கத்தின்மேல் துக்கம்" தனக்கு உண்டாகாதபடி தேவன் இரங்கினார் என்கிறார் (2:27). அப்படியானால் ஒரு துக்கம் ஏற்கெனவே இருந்திருக்கிறது. 3:18-ல் கண்ணீரோடு சொல்லுகிறேன் என்கிறார். அதற்குச் சில வரிகள் கழித்துத்தான் உங்களை உறுத்துகிற அந்த வசனம் வருகிறது. அழுகை கீழ்ப்படியாமை என்றால் முதல் குற்றவாளி பவுல்தான்.

"கர்த்தருக்குள்" என்ற சொல்லை நாம் அவசரத்தில் தாண்டிவிடுகிறோம். சந்தோஷத்துக்கு ஆதாரம் உங்கள் மனநிலை இல்லை. கிறிஸ்து மரித்து உயிர்த்தெழுந்தார், உங்களையும் அம்மாவையும் தம்முடையவர்கள் என்கிறார். அடுத்த ரத்தப் பரிசோதனை எப்படி வந்தாலும் அது அப்படியேதான் இருக்கும். உணர்ச்சி பின்னால் வரலாம், சில நாள் வராமலும் போகலாம்.

டயாலிசிஸ் நடக்கும் நேரத்தில் வெளியே காத்திருப்பீர்களே, அப்போது சங்கீதம் 13-ஐ எடுங்கள். ஆறே வசனம். நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். முதல் இரண்டு வசனத்தில் தாவீது "எதுவரைக்கும்" என்ற கேள்வியையே நான்கு தரம் கேட்கிறார். அதற்கு நேராக உங்கள் முறையீட்டை எழுதுங்கள், ஐந்து நிமிடம். "கஷ்டமாக இருக்கிறது ஆண்டவரே" என்று பொதுவாக எழுதாதீர்கள். "அம்மாவின் இடது கை ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போயிருக்கிறது, சட்டைக் கையை இழுத்து மறைக்கிறார், நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்" என்று எழுதுங்கள். அடுத்தது 3, 4-ஆம் வசனங்கள், விண்ணப்பம். ஒன்றே ஒன்று, இன்றைக்கு வேண்டியது மட்டும். கடைசிப் பகுதியில் 5-ஆம் வசனத்தை அப்படியே பார்த்து எழுதுங்கள்: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." மனம் ஒட்டாவிட்டாலும் எழுதுங்கள். பாசாங்கு என்று நினைக்க வேண்டாம், பிடித்துக்கொள்ளக் கை நீட்டுவதும் விசுவாசம்தான்.

இதில் வழக்கமாக இரண்டு இடத்தில் தவறுகிறோம். முறையீட்டை விட்டுவிட்டு நேரே கடைசிப் பகுதிக்குத் தாவுகிறவர்கள் மூன்றாம் நாளே களைத்துப்போகிறார்கள். முறையீட்டோடு நோட்டை மூடிவிடுகிறவர்களுக்குப் பாரம் இரட்டிப்பாகிறது. கடைசிப் பகுதியை எழுதவே முடியாத நாள் வந்தால் சங்கீதம் 88-ஐ வாசித்துவிட்டு எழுந்திருங்கள். அது கடைசி வரி வரை விடியாத சங்கீதம். அதையும் ஜெபமாகவே வேதத்தில் வைத்திருக்கிறார் தேவன்.

துவாஸிலிருந்து ஒரு தம்பி: இரவு ஷிப்ட். விடுதி அறையில் பேச்சும் போனும் ஓயாது. காலைத் தியானம் நின்றுபோய் மாதக்கணக்காகிறது. உள்ளே ஒரே வறட்சி.

தம்பி, முதலில் தூங்குங்கள். 1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். வந்த தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா தின்று குடித்துத் திரும்பவும் படுத்தார். இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலைக்கு நடந்ததெல்லாம் அதற்கப்புறம்தான்.

தியானம் விடியற்காலையில்தான் என்று சட்டம் இல்லை. நீங்கள் தூங்கி எழுந்திருப்பது சாயங்காலம் ஐந்து மணி என்றால் உங்களுக்கு அதுதான் காலை. ஓராண்டில் வேதம் முழுவதும் வாசிக்கிற அட்டவணையை இப்போதைக்கு மடித்து வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு அதிகாரம் என்று போகும், ஒரு வாரம் தவறினால் இருபதுக்கு மேல் பாக்கி நிற்கும், பிறகு வேதத்தைப் பார்த்தாலே குற்ற உணர்வு வரும். வாரத்துக்கு ஒரு பகுதி போதும். புலம்பல் 3:22, 23-இல் தொடங்குங்கள். வேலைக்குப் போகிற லாரியில் ஏறியதும் ஒரு தரம், இறங்குமுன் ஒரு தரம், வாய்க்குள் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் மனப்பாடமாகிவிடும்.

பொங்கோல் சகோதரர்: ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. "கர்த்தர் இதைவிடப் பெரிய கதவைத் திறப்பார்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வருகிறது.

எரிச்சல் வருவதில் ஆச்சரியமில்லை. அவர்கள் அன்பாகச் சொல்கிறார்கள், ஆனால் வேதம் தராத உறுதியைத் தருகிறார்கள். ஆபகூக் 3:17-ஐப் பாருங்கள். அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுமந்தை, மாடு என்று ஆறு இழப்பை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். அடுத்த பருவத்தில் அத்தி துளிர்க்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. எண்ணி முடித்த பிறகே "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்கிறார். நீங்களும் உங்கள் ஆறையும் எழுதுங்கள்: "25-ஆம் தேதி சம்பளம் ஏறாமற்போனாலும், அனுப்பின விண்ணப்பங்களுக்குப் பதில் வராமற்போனாலும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன் தவணை நெருங்கிவந்தாலும்..." கடைசி வரியை மட்டும் மாற்றாதீர்கள்.

கையிருப்பு எத்தனை வெள்ளி, எத்தனை மாதம் தாங்கும் என்பதை இந்த வாரமே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒளித்து வைத்த கணக்கு இருக்கும் மட்டும் எந்த ஜெபத்திலும் மனம் நிலைக்காது. இதை அழுத்தியே சொல்கிறேன்.

ஜூரோங் வெஸ்ட் சகோதரி: நன்றிப் பட்டியல் எழுதுகிறேன். ஒரு வாரத்திலேயே சலித்துவிடுகிறது.

"குடும்பம், சுகம், வேலை" என்று எழுதினால் மூன்றாம் நாளே கை மட்டும்தான் எழுதும். ஒரு நாளைக்கு ஒன்று போதும், நேரத்தோடும் இடத்தோடும்: "காலை 6.40, பேருந்து நிறுத்தம், மழை. எதிர்வீட்டு மலாய்ப் பாட்டி தன் குடையைப் பாதி என் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அவர் தோள் நனைந்தது." கீழே ஆண்டவரிடம் ஒரு வரி. "அவர்களைவிட நான் பரவாயில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். லூக்கா 18-ல் தன்னையே மெச்சிக்கொண்ட பரிசேயன் சொன்ன நன்றி அது.

செங்காங்கிலிருந்து: குழந்தைக்கு மூன்று மாதம். எதிலும் பற்றில்லை. நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள் என்று தோன்றுகிறது. விசுவாசக் குறைவு என்கிறார் மாமியார்.

கண்ணு, நோட்டும் சங்கீதமும் அப்புறம். நான் இல்லாவிட்டால் என்ற எண்ணத்தை இன்றைக்கே கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சிங்கப்பூர் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள். உங்களை ஏதாவது செய்துகொள்வீர்கள் என்று பயம் வந்தால் அவசர ஆம்புலன்ஸ் எண் 995-ஐ அழையுங்கள், தனியாக இருக்காதீர்கள். நாளைக் காலையில் பலதுறை மருந்தகத்துக்கோ பிரசவம் பார்த்த மருத்துவமனைக்கோ போய், இங்கே எழுதியதை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு ஒரு நோய், சிகிச்சையில் குணமாகும். மாமியாருக்கு: அம்மா, இரவில் ஒரு வேளை பாலை நீங்கள் பார்த்துக்கொண்டு அவளைத் தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்கவிடுங்கள். இப்போது நீங்கள் செய்யக்கூடிய ஊழியம் அதுதான்.

தெம்பனிஸ் குடும்பம்: அப்பா போய் ஐந்து மாதம். கேரல் ரவுண்டுக்கு (வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போவதற்கு) வீட்டுக்கு வரலாமா என்று கேட்கிறார்கள்.

வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு, ஒருவரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். வரட்டும் என்றால் குழுத் தலைவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்: இரண்டே பாட்டு, கிறிஸ்துமஸ் தாத்தா வேண்டாம், ஜெபத்தில் அப்பாவின் பெயரைச் சொல்லுங்கள் என்று. பெயரைச் சொன்னால் அழுவார்களே என்று பயந்து பலர் விட்டுவிடுவார்கள். சொல்லாமல் போனால்தான் அதிகம் வலிக்கும். அப்பாவுக்குப் பிடித்த பாட்டை இரண்டாவதாக வையுங்கள். முதலில் வைத்தால் தொண்டை அடைத்து மற்றதற்குக் குரல் எழும்பாது.